சின்ன மெஷினும் சந்தனக் கறையும்

இரண்டு பஸ் மாறி, கொழும்பின் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது காலை எட்டரை மணி. புஷ்பராஜின் தோளில் ஒரு பை. பைக்குள் துணிகள், இரண்டு போத்தல் பொலிஷ் கொம்பவுண்ட், பெட்டியைக்கூட இன்னும் பிரிக்காத புத்தம்புது மெஷின். வேலை தொடங்குவதற்கு முன்பே அவனுக்கு அலுத்துவிட்டது. நேற்றைய வேலையின் அலுப்பென்றால் ஓர் இரவு தூங்கினால் போய்விடும். இது இருபத்தைந்து வருடமாகச் சேர்ந்தது. எவ்வளவு தூங்கினாலும் போவதாக இல்லை.

பதினேழு வயதில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்தவன் புஷ்பராஜ். கொட்டாஞ்சேனையில் கார் கழுவுகிற இடமொன்றில் தண்ணீர்க் குழாயைக் கையில் கொடுத்தார்கள். நான்கு வருடம் ஈரத்திலேயே நின்று கால்விரல் இடுக்கெல்லாம் அவிந்துபோன பிறகு, முதலாளி மனமிரங்கி பொலிஷ் மெஷினைக் கொடுத்தார். அன்றைக்கு அவனுக்குக் கால் தரையில் படவில்லை. கொம்பவுண்ட் பூசி, மெஷினைச் சுழலவிட்டுத் தேய்த்து, பெயின்டின் கீறலையும் மங்கலையும் எடுத்துப் பளபளப்பாக்குகிற வேலை. கொழும்பில் அதற்குக் ‘கட் அண்ட் பொலிஷ்’ என்று பெயர். இறக்குமதித் தடையால் நாட்டுக்குள் புதுக் கார் வராமலிருந்த ஆண்டுகளில் ஊரில் இருந்த பழைய கார்களையெல்லாம் புதிதாக்கித் தரச்சொல்லி அவன் உயிரை எடுத்தார்கள். அவனும் கொடுத்தான். கையையும் சேர்த்துக் கொடுத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெரிய மெஷின் மூன்று கிலோவுக்கு மேல். அதன் அதிர்வு கைக்குள் இறங்கி, வேலை முடிந்த பிறகும் இரவு முழுக்க விரல்களில் ஊர்ந்துகொண்டிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஊர்தல் நின்றது. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தான். நின்றது ஊர்தல் மட்டுமல்ல என்று ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் தெரிந்தது. “சோறு கொதிக்குது, ஆறட்டும்” என்று மனைவி அனுஷியா சொல்லி முடிப்பதற்குள் அவன் பிசைந்து ஒரு வாய் போட்டுவிட்டான். வாய் வெந்தது. கைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கைகளிலும் அப்படித்தான்.

மற்ற வேலைக்காரனுக்கென்றால் இது ஒரு குறை, அவ்வளவுதான். பொலிஷ் அடிக்கிறவனுக்கு இது வாய்க்கரிசி. மெஷின் ஒரே இடத்தில் சுழன்றால் பெயின்ட் சூடேறும். சூடு அளவைத் தாண்டினால் மேல்பூச்சு கருகிவிடும். கருகினால் திரும்ப பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் நாலு தரம் மெஷினை ஓட்டினால் ஒருதரம் நிறுத்தி விரலை வைத்துப் பார்ப்பார்கள். அந்த விரல்தான் தொழில். புஷ்பராஜ் கொஞ்சக் காலம் முழங்கையை வைத்துச் சமாளித்துப் பார்த்தான். அதை நம்பித்தான் போன மாதம் வாடிக்கையாளர் ஒருவருடைய கார்க் கதவின் ஓரத்தைக் கருக்கினான்.

முதலாளியின் மகன் நபீஸ்தான் இப்போது கடையை நடத்துகிறார். கடையில் எல்லோருக்கும் அவர் ‘நாநா’, அண்ணன். கோபக்காரர், ஆனால் அநியாயக்காரர் இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார். “தோள்பட்டை வலிங்க நாநா, மெஷின் பாரம் தாங்கல, கை வழுக்கிருச்சு” என்று புஷ்பராஜ் ஒரு பொய்யைச் சொன்னான். நபீஸ் அதை நம்பித் தொலைத்தார். நம்பியதோடு விடாமல், உள்ளங்கை அகலப் பஞ்சு வைத்த, பற்றரியில் ஓடுகிற சின்ன மெஷின் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார்.

“இது லேசு. நாளைக்கு வெள்ளவத்தைல ஒரு கார் ஈக்கி, அதுல அடிச்சுப் பாரு. ஏலும் எண்டா பொலிஷ் பக்கம் முழுக்க நீதான். ஏலாட்டி ஒளிக்காமச் சொல்லு, கழுவுற பக்கம் மாத்தி விடுறன்.”

கழுவுகிற பக்கம். பதினேழு வயதில் நின்ற அதே இடம். நாற்பத்தாறு வயதில் திரும்பவும் அங்கே போய் நிற்பதை நினைத்துப் பார்க்கவே புஷ்பராஜ் விரும்பவில்லை. எப்படியாவது இந்தச் சின்ன மெஷின் தன்னைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது இருக்கிற சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டுதான் வந்தான்.

கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில் அந்த மாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே வெள்ளைக் கார் நின்றது. பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார் அதன் சொந்தக்காரர் சிவபாதசுந்தரம். ஓய்வுபெற்ற கணக்காளர். மெலிந்துபோன உடம்பு, அதிகாரம் மட்டும் குறையவில்லை.

“நாலு மணிக்கு விலைக்குக் கார் பார்க்க ஆள் வருது தம்பி. மற்றதெல்லாம் பரவாயில்லை. இந்தக் கறை தெரியக்கூடாது. போன கிழமை வந்தவன் இதைத் தடவித் தடவிப் பார்த்துப்போட்டுப் போனவன். பிறகு ஒரு கதையுமில்லை” என்றார்.

காரின் முன்மூடியான பொனட்டின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்த பொட்டு இருந்தது. கார் வந்த நாளில் பூசை செய்து வைத்தது. பிறகு வருடா வருடம் நவராத்திரி வாணி விழாவுக்கும், ஒவ்வொரு தூரப் பயணத்துக்கும் அதே இடத்தில் வைத்து வைத்து, வெயிலில் காய்ந்து, பெயின்டுக்குள்ளேயே இறங்கிவிட்டிருந்தது. தமிழர் வீட்டுக் கார்களில் இந்தக் கறையைப் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சலித்துவிட்டது. ஆனாலும் அதற்கென்று அவனிடம் ஒரு முறை உண்டு.

“ஐயா, மொதல்ல பொட்ட நீங்களே தொட்டுக் கும்புட்டுத் தொடச்சிருங்க. அதுக்கு அப்புறந்தான் நான் மெஷின் வைப்பேன்.”

சாமிக்கு வைத்ததை மெஷினைப் போட்டு அரைக்க அவனுக்குக் கை வராது. பக்தி என்று சொல்ல முடியாது, பயம்தான். சிவபாதசுந்தரம் எழுந்து, சாப்பாட்டு மேசையைத் துடைக்கிற மாதிரி இரண்டு இழுப்பில் துடைத்துவிட்டுக் கையைத் தட்டினார். லிஃப்ட் வாசலில் நின்ற அவருடைய மனைவி இரத்தினம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொட்டு போய்விட்டது. அதன் அடியில், வெள்ளைப் பெயின்டில், உள்ளங்கை அளவு மஞ்சளும் சிவப்புமாகக் கறை அப்படியே கிடந்தது.

புஷ்பராஜ் முதலில் கதவுகளில் தொடங்கினான். சின்ன மெஷினைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. ஒற்றைக் கையில் அடங்கியது. கைப்பிடிக் குழிக்குள், கண்ணாடிக்குக் கீழே, பெரிய மெஷின் எட்டிக்கூடப் பார்க்காத மூலைகளுக்குள் எல்லாம் நுழைந்து வந்தது. கதவுகளில் ஆழமான கீறல் இல்லாததால் ஓட்டத்தை நிறுத்தாமல் லேசாக இழுத்துக்கொண்டே போனான், தொட்டுப் பார்க்கத் தேவை வரவில்லை. தோள் வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இன்னும் பத்து வருடம் இழுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

பதினொரு மணிக்கு சிவபாதசுந்தரம் மருந்து குடித்துவிட்டுப் படுக்க மேலே போனார். கதிரையில் இரத்தினம்மா வந்து உட்கார்ந்தார். இனிப் பொனட்தான் மிச்சம்.

கறையில் மெஷினை வைத்து நாலு தரம் ஓட்டியதுமே புஷ்பராஜுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பஞ்சு சின்னது, அதனால் சூடு பரவாமல் ஒரே இடத்தில் திரளும். பாரம் குறைந்த மெஷினுக்குத்தான் விரலின் காவல் அதிகம் தேவைப்படுகிறது. நிறுத்திவிட்டு வலது கையை வைத்தான். ஒன்றுமில்லை. இடது கையை வைத்தான். கல்லைத் தொட்ட மாதிரி. கறை பாதிகூடக் கரையவில்லை, நாலு மணிக்கு ஆள் வருகிறது, முழங்கையை இனி அவன் நம்பத் தயாராக இல்லை. அப்போதுதான் கதிரையில் இருந்த இரத்தினம்மாவின் கை அவன் கண்ணில் பட்டது.

“அம்மா, ஒருக்கா வந்து இங்கன கைய வைக்கிறீங்களா?”

“ஏன் தம்பி?”

“பொட்டு இருந்த எடமுங்க. வீட்டு ஆளு கை பட்டா நல்லது.”

வாயில் வந்ததைச் சொன்னான். இரத்தினம்மா மறுபேச்சில்லாமல் எழுந்துவந்து கறைமேல் கையை வைத்தார்.

“சுடுதுங்களா?”

“இல்லை. இளஞ்சூடு.”

அவனும் பின்னாலேயே விரலை வைத்து, தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினான். தொட்டுப் பார்க்காத பொலிஷ்காரனை யார் நம்புவார்கள்? பிறகு நாலு ஓட்டம், அம்மாவின் கை, ஒரு கேள்வி. மறுபடி நாலு ஓட்டம். கறை மெல்ல மெல்லச் சுருங்கியது. கூடவே புஷ்பராஜின் மனமும் இளகியது. இப்படியே செய்யலாமே என்று நினைத்தான். எந்த வீட்டிலும் ஓர் ஆள் இருக்கத்தானே செய்யும். கடையிலும் யாரையாவது கூப்பிட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரு காரணமா கிடைக்காது?

கறை ஒரு விரல்நுனி அளவு நிழலாகத் தேய்ந்திருந்தபோது இரத்தினம்மா கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தார்.

“சுடுது தம்பி. காணும்.”

“நல்லாச் சுடுதுங்களா?”

“ஓம், நல்லாச் சுடுது. இனி வேண்டாம்.”

அவன் விரலை வைத்து, “ஆமாங்க, நல்ல சூடு” என்று மெஷினை அணைத்துவிட்டான். பூச்சு அங்கே மெலிந்துபோயிருக்கும், இதற்குமேல் போனால் ஆபத்து என்று எண்ணிக்கொண்டான். துணியால் துடைத்துப் பார்த்தான். கார் பளிச்சென்று இருந்தது. குனிந்து தேடினால் மட்டும் அந்த நிழல் தெரியும்.

மூன்று மணிக்கு இறங்கிவந்த சிவபாதசுந்தரம் குனிந்து தேடினார்.

“ஒரு பொட்டளவு இன்னும் நிக்குதே தம்பி.”

“இதுக்கு மேல போனா பெயின்ட் போயிரும் ஐயா. அம்மாவே தொட்டுப் பாத்தாங்க, கொதிச்சிச்சு.”

“ஓம், நானும் பார்த்தனான்” என்றார் இரத்தினம்மா. கணவர் முணுமுணுத்தார், ஆனால் பளபளப்பைப் பார்த்து உள்ளுக்குள் திருப்திப்பட்டுக்கொண்டு மேலே போய்விட்டார்.

புஷ்பராஜ் மெஷினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது இரத்தினம்மா திரும்பவும் வந்தார். கையில் கடதாசியில் சுற்றிய நாலு வடை. அதை அவனிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“தம்பி, நீங்கள் செய்தது பெரிய புண்ணியம்.”

“எதுங்கம்மா?”

“அவருக்கு வாற மாதம் நெஞ்சில ஒப்பரேசன். அதுக்குத்தான் காரையும் குடுக்கிறம். இந்த நேரம் பார்த்துப் பொட்டை அடியோட அழிக்க எனக்கு மனம் கேக்கேல்லை. பொம்பிளைக்குப் பொட்டழியிறது எண்டால் என்னெண்டு உங்களுக்கும் தெரியும்தானே. அவரிட்டச் சொன்னால் சிரிப்பார். அதுதான் சுடுது எண்டு சொன்னனான்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “சுடவேயில்லை. அதே இளஞ்சூடுதான். நீங்களும் கையை வச்சுப் பார்த்தனீங்கள். பொய் எண்டு தெரிஞ்சும் ஒண்டும் கேளாமல் நிப்பாட்டினீங்கள். வேற ஆளெண்டால், எங்கையம்மா சுடுது எண்டு கேட்டிருப்பான்.”

அவருடைய கண் கலங்கியிருந்தது. புஷ்பராஜ் வடைப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். “சரிங்கம்மா. ஐயா நல்லபடியா வந்துருவாரு” என்றான். செய்யாத தயவுக்கு இப்படி ஒரு நன்றியை அவன் வாங்கியதேயில்லை. வெட்கமாக இருந்தது.

‘காலி வீதி’ என்கிற பெருஞ்சாலைக்கு ஏறிவந்து பஸ்ஸுக்கு நின்றான். வடையை எடுத்துக் கடித்தான், இறங்கவில்லை. இன்றைக்கு அந்த அம்மா சுடாததைச் சுடுகிறது என்றார், ஒரு நட்டமும் இல்லை. நாளைக்கு ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே கையை வைத்துவிட்டு, சுடுவதைச் சுடவில்லை என்பார். அதற்கும் அவன் தலையாட்டுவான். கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

போன் அடித்தது. நபீஸ்.

“என்னா, மெஷின் எப்பிடி?”

“மெஷின் நல்லா இருக்கு நாநா. பாரமே இல்ல. காரும் நல்லா வந்திருச்சு.”

“அல்ஹம்துலில்லாஹ். அப்ப இன்னும் ரெண்டு எடுப்பம். நீயே மத்தவங்களுக்கும் காட்டிக் குடு.”

அப்படியே விட்டிருக்கலாம். இருபத்தைந்து வருடம் இழுத்தவன், இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருக்கலாம். ஆனால் அவனுக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் தலையாட்டி அலுத்துவிட்டது.

“நாநா, தோள்பட்டைன்னு நான் சொன்னது பொய்ங்க. எனக்குக் கையில சூடு தெரியிறதில்ல. ரெண்டு கையிலயும். ரெண்டு வருசமாச்சு.”

கார் கழுவுகிற தண்ணீரின் இரைச்சல் மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்ப அந்தக் கதவு?”

“ஆமாங்க.”

நபீஸ் ஏசப்போகிறார் என்று புஷ்பராஜ் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தான். நபீஸ் ஏசவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“கழுவுற பக்கத்துக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கணும்” என்றார். “ஒனக்கு எத்தனாம் நம்பர்?”

“எட்டுங்க நாநா” என்றான் புஷ்பராஜ்.