வீட்டுக் குலுக்கலின் ஒன்பதாம் விதி

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பல நாடுகள் அலைந்து, ஒஸ்லோவில் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது, முதல் பரிசு வீடு என்ற குலுக்கல் சீட்டுகளை அங்கிருந்த எங்கள் தமிழ் ஆட்களுக்கு விற்றேன். நொர்வேஜிய மொழியில் இருந்த விதிகளை யாரும் வாசிக்கவில்லை. என்னை நம்பித்தான் வாங்கினார்கள்.

நகரின் ஹொல்ம்லியாப் பகுதியில் ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, அந்த வீடு எங்கை இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தோடு அறைக்கு வந்து, அகராதியை வைத்து அந்த விதிகளை மூன்று நாள் வாசித்தேன். எல்லாச் சீட்டும் விற்காவிட்டால் வீடு இல்லை, நடத்துபவர்கள் தீர்மானிக்கும் ஒரு தொகைதான் பரிசு என்றது ஒன்பதாம் விதி.

வாங்கியவர்களின் கதவுகளைத் தட்டி, "பிழை என்ரை. வாசிக்காமல் வித்திட்டன்" என்று சொல்லி, என் சம்பளத்திலிருந்து காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஸ்டோவ்னர் பகுதியில் சீட்டு வாங்கியிருந்த ஒரு பொறியியலாளர் சிரித்தார். "உமக்கு நொர்ஸ்க் மொழி வாசிக்கத் தெரியுமோ?"

"ஓம், மூண்டு நாள் எடுத்தது. நீங்கள் இப்பவே வாசிக்கலாம்."

நான் நீட்டிய விதிகளை வாசலில் நின்றபடியே வாசித்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த வருடம் அவர் சொந்தமாக வீடு வாங்கினார். கையெழுத்து வைக்குமுன் ஒப்பந்தத்தோடு என்னிடம் வந்தார். "அண்ணை, நீங்களும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ."

திருப்பிக் கொடுத்த அந்தச் சம்பளக் காசை நான் பிறகு நினைத்ததேயில்லை.