பொத்தானை விட்டால்தான் கேட்கும்

உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு மைக் அது. சுருள் சுருளாக வயர். பக்கவாட்டில் ஒரு பொத்தான், கட்டைவிரல் பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருக்கிறது. முதலாளி தவறிப்போன பிறகு அவர் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு, "இது உன்கிட்டத்தான் இருக்கோணும் கண்ணு" என்று கையில் வைத்தார். இப்போது, மற்ற கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் என் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் செக்கிங் டேபிள் மேல் கிடக்கிறது. வயரின் மறுமுனை எதோடும் சேரவில்லை.

நான் தாமிரபரணிக் கரையிலிருந்து திருப்பூருக்கு வந்தவள். முதலாளியின் பனியன் கம்பெனியில் துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் வேலை, மேல்மாடி ஹாஸ்டலில் தங்கல். அவருக்கு இரண்டே கிறுக்கு: ஒன்று வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட், இன்னொன்று போனோ டவரோ இல்லாமல் ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, கட்டிங் செக்‌ஷனை ஒட்டிய அறையில், இந்த மைக் மாட்டிய ரேடியோப் பெட்டியை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில், முகம் தெரியாத யாரிடமோ, "சத்தம் தெளிவா இருக்குதுங்களா? ஓவர்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் முடித்துவிட்டேன், இனி நீங்கள் பேசுங்கள் என்பதற்குத்தான் அந்த 'ஓவர்'. அதை அப்படியே பேசிக் காட்டிச் சாப்பாட்டு வேளையில் சிரிப்போம். மொட்டை மாடியில் அவர் கட்டியிருந்த ஏரியல் கம்பியைத் துணிக்கொடி என்று நினைத்து, வந்த புதிதில் பாவாடை துப்பட்டா எல்லாம் காயப்போட்டுவிட்டேன். மூச்சிரைக்கப் படியேறி வந்தவர் திட்டவில்லை. "அதுல சேதி வருது கண்ணு, துணியை எடுத்துக்க" என்றார். மறுநாளே எங்களுக்கென்று நைலான் கயிறு கட்டித் தந்தார்.

ஒரு வருடம் எங்கள் பக்கம் மழை கொட்டித் தீர்த்தது. ஆறு ஊருக்குள் புகுந்ததை டிவியில் காட்டினார்கள். அங்கே கரண்ட் இல்லை, டவர் இல்லை, யாருக்கும் போன் போகவில்லை. ஆற்றை ஒட்டிய வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். ஹாஸ்டலில் பாதிப்பேர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான். மிஷின் முன்னால் உட்கார்ந்தோமே தவிர வேலை ஓடவில்லை. முதலாளி ஷிப்மென்ட்டை மகன் தலையில் கட்டிவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தார். பேட்டரியும் பெட்டியுமாக வெள்ளத்துக்குள் போயிருந்த தன்னார்வலர்களிடம் எங்கள் ஊர்களையும் பெற்றவர்கள் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். வந்த பதிலை வந்தபடியே எங்களிடம் சொன்னார். சிலருக்கு நல்ல சேதி வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. "நல்லா இருக்காவன்னு சும்மாவாது சொல்லுங்க முதலாளி" என்று கெஞ்சினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "காதுல கேக்காததை நான் எப்படிக் கண்ணு சொல்றது? வந்தா நெசமான சேதியே வரட்டும்" என்றார். அந்த நேரத்தில் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் அவரே தையல் செக்‌ஷனுக்கு ஓடிவந்தார். "உங்கம்மா ரேடியோவுல இருக்கறாங்க, வா கண்ணு!" பள்ளிக்கூட முகாமில் அம்மாவைத் தேடிப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். மைக்கை வாங்கிப் பொத்தானை அழுத்தினேன். "அம்மா" என்றதற்குமேல் அழுகைதான் வந்தது. நாம் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை எதிர்ப்பக்கத்துக் குரல் நமக்குக் கேட்காது. "பட்டனை உடு கண்ணு. நீ உட்டாத்தான் உங்கம்மா பேசறது கேக்கும்" என்றார். காதில் விழுந்தது, விரல் கேட்கவில்லை. கடைசியில், விரலில் ஏறிய ஊசியை எடுப்பதுபோல என் கட்டைவிரலை மெல்லப் பிரித்து எடுத்தார். இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது. "ஏட்டி, அழாத. நான் பள்ளிக்கூடத்துல பத்திரமா இருக்கேன். வீடுதான் போயிட்டு. நீ சாப்பிட்டியா?" பக்கத்தில் யாரோ சொல்லிக்கொடுக்க, கொஞ்சம் தாமதித்து "ஓவர்" என்றும் சொன்னாள். முதலாளி சுவர்ப் பக்கம் திரும்பி, வேஸ்ட் பனியன் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அப்போதும் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் அம்மா திருப்பூர் வந்திருந்தாள். டேபிள்மேல் இருப்பது யாருடைய மைக் என்று சொன்னேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள்.

"அய்யா, நாங்க நல்லா இருக்கோம். மக சொந்தமா மிஷின் போட்டிருக்கா. நீங்க சாப்பிட்டியளா? ஓவர்."

பிறகு ஞாபகமாகக் கட்டைவிரலை எடுத்துவிட்டு, மைக்கைக் காதோரம் வைத்துக் காத்திருந்தாள். வயர் எதிலும் சேரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்குக் கேட்கட்டும் என்று, ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினேன்.