ஓட்டைச் சுவர்

பஸ் வரும்வரை நிழலுக்காகக் கேளம்பாக்கத்துப் புது விளையாட்டுக் கூடத்தில் ஒதுங்குகிறேன். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சுவர். மத்தியானம் கடல் காற்று அதன் வழியே வருமென்று ஃபேனே வைக்கவில்லை. இன்று அந்த ஓட்டைகளைத் தார்ப்பாய் மூடியிருக்கிறது. கபடி ஆடும் பெண்பிள்ளைகள் வியர்வையில் நனைந்து நிற்கிறார்கள்.

தரையைக் கூட்டிக்கொண்டிருக்கும் அம்மாளிடம் ஏன் மூடினார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறேன்.

"ஷட்டில் ஆடறவங்களுக்குக் காத்துல பந்து எங்கியோ பூடுதாம், ஆயா. தலைவரு இன்னிக்குப் பாத்துட்டு சரின்னா, நாளைக்கே சிமெண்டு பூசிடுவாங்க. அப்பால இந்தப் பொண்ணுங்க இதுக்குள்ள வெந்துடும்."

பஞ்சாயத்துத் தலைவர் வருகிறார். நின்றபடியே, "இன்னா கொறை? நல்லாத்தானே கீது," என்கிறார்.

அந்த அம்மாள் தார்ப்பாய் ஓரமாக நாற்காலியைப் போடுகிறாள். "குந்து அண்ணாத்த, ஒரு ஆட்டம் பாத்துட்டுப் போ."

பாதி ஆட்டத்தில் தலைவர் துண்டால் முகம் துடைக்கிறார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறார். வெளியே என் பஸ் ஹார்ன் அடிக்கிறது. நான் நகரவில்லை.

"யம்மா, மொதல்ல அந்தப் பாயை அவுத்துடு!" என்கிறார் தலைவர்.

கயிறு அவிழ்ந்ததும் காற்று என் முந்தானையைத் தூக்குகிறது.

"அப்போ ஷட்டிலு?" என்கிறாள் அவள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"காத்து வர்றதுக்கு முந்தி, காலைல வந்து ஆடச் சொல்லு."