பைகளுக்குக் காவல்

போன ஞாயிற்றுக்கிழமை கரையோரம் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. எங்கள் ஊர்க் கடற்கரையில், கருங்கல் வரிசைக்கு இந்தப் பக்கம் கடல் அலையே இல்லாமல் குளம்போலக் கிடக்கும். குழந்தை குட்டியோடு வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் இறங்குவார்கள். கல்யாணமாகி இரண்டு மாதமே ஆன அண்ணியிடம் கரையில் அத்தை, "நீ பைகிட்ட உக்காரும்மா. முன்ன ஒருத்தி உக்காந்து, நாய் செருப்பத் தூக்கினு போன கத தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். அண்ணி சிரித்தாள். பழக்கதோஷத்தில் நானும் சிரித்தேன். சிரித்த வாய்க்குள் உப்புத் தண்ணீர் போயிற்று. அந்தக் கதையில் பொய் சொன்னவள் நான். இன்றுவரை அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளாதவளும் நான். ஒப்புக்கொண்டால்தான் என்ன?

எங்கள் வீட்டுக் கடற்கரைப் பயணத்தில் ஒருவர் நனையக் கூடாது. பை, செருப்பு, சாப்பாட்டு டப்பா, கழற்றிவைத்த கடிகாரம் என்று எல்லாவற்றுக்கும் காவல் வேண்டும். அந்த ஆள் மாறி மாறி இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றியதில்லை. சித்தப்பா இறந்த பிறகு அந்த இடம் சித்திக்கு என்று ஆகிவிட்டது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது அவள் என்று ஆனதுபோலத்தான் இதுவும். பிள்ளை இல்லை, போக வேறு வீடும் இல்லை, ஆகவே உட்காரட்டும். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, செருப்புகளைச் சுற்றிலும் அடுக்கி நடுவில் உட்கார்ந்திருப்பாள். பாவம் என்று நாங்கள் நினைத்ததுகூட இல்லை. பாவம் என்று நினைக்கவாவது அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டுமே.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது மிதக்கக் கற்றுக்கொண்டேன். அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மற்றவர்கள் கற்கள் பக்கம் போய்விட்டார்கள். "வா சித்தி, ஒண்ணும் ஆவாது!" என்று கத்தினேன். "பை?" என்று கையைக் காட்டினாள். "நான் பாத்துக்கறேன், இங்கேர்ந்தே தெரியுது!" மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள். செருப்பைக் கழற்றி வரிசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். மிதந்து காட்டலாம் என்று நான் காத்திருந்தேன். அவளோ என்னைத் தாண்டிச் சத்தமே இல்லாமல் நீந்திப் போனாள். பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில், பம்புசெட்டுக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவளாம். எங்கள் வீட்டில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. கற்களைத் தொட்டுத் திரும்பி, மல்லாந்து மிதந்து, வானத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்புச் சத்தத்தை அன்றுதான் முதலில் கேட்டேன். பைகளைப் பார்க்க மறந்தேன்.

ஒரு நாய் வந்து புளிசாத டப்பாவைக் கவிழ்த்தது. போகும்போது அத்தையின் புதுச் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு போயிற்று. நடந்தது அவ்வளவுதான்.

"ஏண்டி, ஒன்ன குளிக்கவா கூட்டினு வந்தோம்?" என்றாள் அத்தை. "ஒரே ஒரு வேல. அது கூட ஆவல" என்றார் அப்பா. அம்மா, சித்தியின் உடம்பில் ஒட்டிக் கிடந்த புடவையை மேலும் கீழும் பார்த்து, "புருஷன் போனவளுக்கு ஆட்டத்தப் பாரு" என்றாள். துண்டு எங்கள் எல்லாரிடமும் இருந்தது. யாரும் நீட்டவில்லை. "பாப்பாதான் கூப்டுச்சி..." என்றாள் சித்தி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான் கூப்புடல. அதுவாதான் வந்துச்சி" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் கை தூக்கிப் பதில் சொல்கிற அதே வேகம்.

அத்தை சித்தியின் செருப்பை மாட்டிக்கொண்டாள். உச்சி வெயிலில், உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீடுவரை சித்தி வெறுங்காலோடு, எல்லாப் பைகளையும் தூக்கிக்கொண்டு தார்ச்சாலையில் நடந்தாள். சுவரோரம் சாண் அகல நிழலைத் தேடித் தேடித் தாவினாள். "சித்தி டான்ஸ் ஆடுது பாரு!" என்றான் அண்ணன். எல்லாரும் சிரித்தோம். ஒரு திருப்பத்தில் அவள் என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "நீ கூப்ட்டதான பாப்பா? இல்ல எனக்குத்தான் அப்டித் தோணுச்சா?" என்று கேட்டாள். யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை. தன் காதை நம்பலாமா என்று மட்டும் கேட்டாள். "ஞாபகம் இல்ல சித்தி" என்றேன். கடற்கரையில் சொன்ன பொய்யைப் பயம் என்று மன்னித்துக்கொள்ள முடிகிறது. இதற்கு எனக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். ஒரு வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டே சமைத்தாள். அதன்பின் கடற்கரைக்கு வரவில்லை. "எனக்குத் தண்ணி ஒத்துக்காது" என்று அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள். எங்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. இன்று சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். விடுமுறை நாளில் நாங்கள் கடலுக்குக் கிளம்பினால் புளிசாதம் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அத்தை கதை சொல்ல, நான் சரியான இடத்தில் சிரித்து வந்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு காலை, எல்லாரும் இட்லிக்கு உட்காரும்போது சொல்லப் போகிறேன். அடுப்படியில் அவள் காதோடு சொல்லி அழுதுவிட்டு வருவது சுலபம். அது வேண்டாம். பொய்யை எல்லார் முன்னாலும் சொன்னவள், உண்மையையும் எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். நான்தான் கூப்பிட்டேன், மூன்று முறை கூப்பிட்டேன், பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன், சித்தி கேட்டபோது எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அப்புறம், "தண்ணிக்கு வரியா சித்தி?" என்று கேட்பேன். வரமாட்டேன் என்று அவள் சொல்லலாம். உன்னோடு வரமாட்டேன் என்றும் சொல்லலாம். சொல்லட்டும், எல்லாரும் கேட்கட்டும்.