மஞ்சள் துணியும் கோவா டிக்கெட்டும்

கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும், நானும் என் வீட்டுக்காரரும் சும்மா ஓர் ஊருக்குப் போனதில்லை. எங்கும் போகாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பழனி போயிருக்கிறோம், திருச்செந்தூர் போயிருக்கிறோம், ராமேஸ்வரத்தில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடுங்கியிருக்கிறோம். கேரளாவில் பிள்ளை வரம் கேட்டு உருளிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கிற ஒரு கோயில், கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. எல்லாப் பயணத்திலும் கேட்டது ஒன்றுதான். பிள்ளை வேண்டும். சாமியிடம் கேட்டோம், டாக்டரிடம் கேட்டோம், ஸ்கேன் எடுக்கிற பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கூடக் கேட்டோம். போகிற இடமெல்லாம் கையேந்தி நின்று எனக்கு அலுத்துவிட்டது.

நாங்கள் அப்போது மஞ்சூருக்கு மேலே ஒரு டீ ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் அங்கே டீமேக்கர். பச்சை இலை உள்ளே வந்ததிலிருந்து தூளாகி மூட்டைக்குள் போகிறவரை அவர் பொறுப்பு. இலை பதமாகிவிட்டதா என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். நான் வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊட்டிக்கு வருகிற புது ஜோடிகள் வழியில் வண்டியை நிறுத்தி, தேயிலைச் செடிக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நான் காய்கறிப் பையோடு அந்தப் போட்டோக்களின் ஓரத்தில் எத்தனை முறை நடந்து போயிருப்பேனோ தெரியாது. ஊர் உலகமெல்லாம் சும்மா வந்துபோகிற மலையில் குடியிருந்துகொண்டு, நாங்கள் மட்டும் காரணமில்லாமல் கீழே இறங்கியதே இல்லை. எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

பிறகு தேயிலைக்கு விலை விழுந்தது. சின்னத் தோட்டம் வைத்திருந்தவர்கள், இலைக்குக் கிடைப்பது பறிக்கிற கூலிக்கே காணாது என்று பறிப்பதை விட்டுவிட்டார்கள். கிளை வெட்டிக் கவாத்து பார்க்க ஆளில்லாமல் செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து மரமாகின. ஃபேக்டரி வாரத்தில் சில நாள்தான் ஓடியது. அப்புறம் அதுவும் நிச்சயமில்லை என்றானது.

வேலையில்லாத டீமேக்கரோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் என் பாடு புரியும். காலையில் ஜன்னலைத் திறந்து, ஓடாத மெஷின் ஓடுகிறதா என்று காது கொடுப்பார். அடுப்பில் கொதிக்கிற சாம்பாரை முகர்ந்து இன்னும் கொஞ்சம் போகட்டும் என்பார். ஒரு நாள் நான் கேட்காமலே என் தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் போட்டார். அடுத்து தைத்த கல்யாண ஜாக்கெட்டில் எண்ணெய்க் கறை. என்னாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அந்த வருஷம்தான் கடைசி டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, இனிமேல் உடம்பைப் போட்டு வருத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததை யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கோவாவிலிருந்து போன் வந்தது. ஃபேக்டரி பாய்லரில் இருந்த ஒருவர் வேலை குறைந்ததும் அங்கே பிழைக்கப் போயிருந்தார். பனாஜியில் ஆற்றில் நிற்கிற ஒரு கப்பலில் அவருக்குச் சமையல்கட்டில் வேலை. அது சூதாடுகிற கப்பல். அண்ணியைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை வாருங்கள், தங்க ரூம் இருக்கிறது, கப்பலுக்குள் போக நான் ஏற்பாடு செய்கிறேன் என்று கூப்பிட்டிருக்கிறார். ஃபேக்டரி போனில் சரியாகக் கேட்காமல் இவரும் கத்திக் கத்திப் பேசிவிட்டு வந்தார். வந்து, அந்தக் கப்பல் எங்கேயும் போகாதாம், நின்ற இடத்திலேயே நிற்குமாம், அதற்குள் இத்தனை பேர் பணத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களாம் என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"போலாங்க" என்றேன்.

"எங்கெ?"

"கோவாவுக்கு."

"சூதாடவா? ஏம்புள்ள, உனக்கென்ன ஆச்சு?"

"சும்மாங்க. நான் யாருகிட்டயும் எதையும் கேக்காம ஒரு ஊருக்குப் போயிட்டு வரோணும்."

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, அங்கே போய் என்ன செய்வது என்று கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன். ஒன்றும் செய்யாமல் எத்தனை நாள் இருப்பது என்று கேட்டார். அடுத்த ஆஸ்பத்திரிக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் பீரோவில் அப்படியே இருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்த பிறகுதான் கேள்வி நின்றது.

அன்றிலிருந்து வீடு ஒரு நிலையில் இல்லை. கப்பலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போக முடியாது, ஷூ வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவரிடம் இருந்தது மழைக்குப் போடுகிற கம்பூட்டும், கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவும்தான். கல்யாண ஷூவைக் கட்டிலடியிலிருந்து எடுத்தால் உள்ளும் புறமும் பூசணம். வெயிலுக்காகக் காத்திருந்து காத்திருந்து, வெயில் வராமல், கடைசியில் அடுப்போரம் வைத்துக் காயப்போட்டோம். நான் எனக்கு ஒரு சுடிதார் தைத்தேன். ஊரிலிருக்கிற பெண்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவள், நான் போட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன். முந்தானை இல்லாமல் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்குள்ளேயே மேலும் கீழும் நடந்து பழகினேன்.

சீட்டும் பழகினோம். தீபாவளிக்கு ஆபீஸில் ஆடுகிற சீட்டுக்கட்டை அவர் கொண்டுவந்தார். அதில் ஒரு சீட்டு இல்லை. காசுக்குப் பதிலாகத் தேயிலைக் கொட்டைகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவர் ஒவ்வொரு சீட்டையும் இலையைப் பார்க்கிற மாதிரி பார்த்து, யோசித்து, ஒற்றைக் கொட்டையை நகர்த்துவார். நான் இருப்பதையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவேன். கொஞ்சம் கையில் வைத்துக்கொள் என்று அவர் கெஞ்சினார். எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். எல்லாம் போயிற்று. தோற்றுவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஏதோ ஒன்று கைக்கு வராமல் போய், அதற்காக நாங்கள் சிரித்தது அதுதான் முதல் முறை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டிக்கெட் எடுக்க ஊட்டி ஸ்டேஷனுக்குப் போகிறவரை. வரிசையில் எங்களுக்குப் பின்னால் எடைக்கார அக்கா நின்றிருந்தார். அவர் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இலை எடை போடுகிறவர். எங்களுக்குப் பக்கத்து வீடு. மகளுக்கு டிக்கெட் எடுக்க வந்ததாகச் சொல்லிவிட்டு, எங்கே பயணம் என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்கு முழுசாகப் பொய் சொல்ல வராது, முழுசாக உண்மை சொல்லவும் தைரியம் போதாது. மங்களூர்ப் பக்கம் என்றார். மங்களூரைத் தாண்டி அதே ரயில் வழியில் ஓர் அம்மன் கோயில் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்கள் போய்வருகிற கோயில்தான்.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மன் கோயிலுக்குங்களா? நல்லதுங்க" என்றார்.

இவர் தலையை ஆட்டினார். நான் இடுப்பில் கிள்ளுவதற்குள் தலை ஆடி முடிந்துவிட்டது.

மறுநாளே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாராவது கோயிலுக்குப் போனால் காசை மஞ்சள் துணியில் முடிந்து, வேண்டிக்கொண்டு, எங்கள் பேரைச் சொல்லி உண்டியலில் போடுங்கள் என்று கொடுத்தனுப்புவது வழக்கம். முதலில் பேக்கிங் ரூமில் வேலை செய்கிற பெண். ஃபேக்டரி பழையபடி ஓடவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அடுத்து, பிக்கட்டி பக்கம் தோட்டம் வைத்திருந்தவர் ஒருவர், இலைக்கு விலை ஏறவேண்டும் என்று. திருப்பூருக்கு வேலைக்குப் போன மகன் குடிக்காமல் இருக்கவேண்டும் என்று ஓர் அம்மா. பாதிப் பேர் வெறும் காசோடு வந்து, மஞ்சத் துணி இருக்குங்களா என்று என்னிடமே கேட்டார்கள். தையல்காரி வீட்டில் துணிக்கா பஞ்சம். என் கையாலேயே கத்தரித்துக் கொடுத்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. போகும்போது ஒவ்வொருவரும் வாசலில் நின்று, இந்தத் தடவை அம்மா உனக்குக் கண் திறப்பாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் கத்தரிக்கோலைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

முடிச்சுகளைப் போட்டுவைத்த பை வீங்கிக்கொண்டே வந்தது. ஊருக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது எங்களுக்குள் சண்டை வந்தது. வழியில் இறங்கி, கும்பிட்டு, காசைப் போட்டுவிட்டு, அடுத்த ரயிலைப் பிடித்துக் கோவா போகலாம் என்றார் அவர். அரை நாள்தானே என்றார். அரை நாளில்லை, அங்கே இறங்கினால் இதுவும் கோயில் பயணம்தான் என்றேன். சந்நிதியில் போய் நின்றால் என் வாய் தானாகக் கேட்டுவிடும், பத்து வருஷப் பழக்கம், எனக்கு என்னைத் தெரியும் என்றேன். அதற்காக ஊரார் வேண்டுதலைச் சூதாடுகிற கப்பலுக்கா தூக்கிக்கொண்டு போவது என்று அவர் கேட்டார். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது, பேசாமல் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபம். ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் எடைக்கார அக்கா வந்தார். என் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். நான் சுடிதாரை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன், நடுவில் மறைக்க நேரமில்லை. அக்கா சுடிதாரைப் பார்த்தார், அடுப்போரம் இருந்த ஷூவைப் பார்த்தார், முடிச்சுப் பையைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"போனு எடை ரூம்லதான கண்ணு இருக்குது. உன்ற ஊட்டுக்காரரு கத்துன கத்துல என்ற ஊட்டுக்காரரு எல்லாத்தையும் கேட்டுப்போட்டாரு" என்றார்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அப்படியென்றால் ஊரெல்லாம் கோயில் என்று எப்படிப் பரவியது என்று கேட்டேன்.

"நாந்தான் சொல்லிப்போட்டேன். ஃபேக்டரி மூடிக் கெடக்கறப்ப நீங்க சீட்டாடற ஊருக்குப் போறீங்கன்னு தெரிஞ்சா வாய்க்கு வந்ததப் பேசுவாங்க. காசக் கொண்டாந்து குமிப்பாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தை மாதம் மகளோடு அவரே அந்தக் கோயிலுக்குப் போகிறாராம், தானே போட்டுவிடுகிறாராம். யார் யாருக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டுக்கொண்டார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. எழுந்து காப்பி வைக்கப் போனேன்.

அக்கா என்னை நிறுத்தினார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து இன்னொரு முடிச்சை எடுத்தார். அது புதுசில்லை. மஞ்சள் வெளுத்துப்போய், ஓரம் பிரிந்திருந்தது.

"இது உனக்குன்னு முடிஞ்சது. எந்தக் கோயிலுக்குப் போனாலும் உனக்கு ஒண்ணு போட்டுட்டுத்தான் வாறேன். இதையும் அங்க போட்டுர்றேன் கண்ணு. வேற ஏதாச்சும் சேத்துச் சொல்லோணுமா?"

இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமலே எனக்காக ஒருவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சரி என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும்.

"வேண்டாங்கக்கா" என்றேன். "எனக்கு இனிமே கேக்க வேண்டாங்க. போதுங்க."

அவர் முகம் வாடிப்போனது. கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. முடிச்சைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சரிவில் பறிக்காத தேயிலை இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தார். காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"அப்ப இத வெச்சு அங்க ஆடு. போனாப் போகுது."

அவிழ்த்த துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, பையோடு போய்விட்டார். காப்பி குடிக்கவில்லை.

மறுநாள் காலை மஞ்சூரில் பஸ் ஏறினோம். அவர் காலில் கல்யாண ஷூ, நடக்கும்போது சத்தம் போட்டது. முடிச்சுப் பை போன இடத்தை நான் சொன்னதிலிருந்து அவர் முகம் தெளிந்திருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் கையை மூடி வைத்திருந்தேன். குந்தா வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அவர் என்மேல் சாய்ந்தார்.

"கையில என்ன வெச்சிருக்கற?" என்று கேட்டார்.

"செலவுக்குங்க" என்றேன்.