பனிக்கோட்டுக் கவுண்டரில் ஓர் ஐப்பசி

"வெளியில மனுஷன் வெயில்ல வெந்துக்கிட்டிருக்கான், நீ கம்பளிக் கோட்டு மடிச்சுக் குடுக்கிற வேலைக்குப் போறேங்கிற. கான்வென்ட்ல இதுக்கா படிச்சே, வத்சலா?"

இது என் கணவர். துபாயில், அல் குசைஸ் பகுதியில் எங்கள் வீட்டில், சாப்பாட்டு மேஜையில், மோர்க்குழம்பு ஆறிக்கொண்டிருக்கையில். கான்வென்ட் படிப்பை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் உங்கள் சட்டையை மடிக்கவில்லையா, ஊரார் கோட்டை மடித்தால் மட்டும் குறைந்துவிடுமா என்று கேட்டேன். அவர் அப்பளத்தை நொறுக்கினார். நான் மறுநாள் வேலையில் சேர்ந்தேன்.

பாலைவனத்தில் கோட்டு வாடகைக்குக் கொடுப்பதைப் போல விசித்திரமான தொழில் வேறு இல்லை. துபாயின் பெரிய மால் ஒன்றுக்குள் செயற்கையாக ஒரு பனிமலையைக் கட்டியிருந்தார்கள். கூரைக்கடியில் முழு மலைச்சரிவு, அதில் சறுக்கி இறங்குகிற கூட்டம், மேலே ஏற்றிவிடத் தொங்கு நாற்காலி, பனி பொழிய இயந்திரம். அதன் வாசலில் கோட்டும் கால்சட்டையும் பூட்ஸும் எடுத்துக் கொடுப்பது என் வேலை. வங்கியோ, ரயில்வேயோ, துணிக்கடையோ, ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எதிரே நிற்பவருக்கு நம்மிடம் வாய் இருப்பது தெரியும். கால் இருப்பது தெரியாது.

தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்த வருஷம் அது.

இன்றைய நிலவரம்

கவுண்டருக்கு மேலே ஒரு பலகை உண்டு. உள்ளே எத்தனை டிகிரி, பனி எப்படி இருக்கிறது என்று காலையில் எழுதிவைக்க வேண்டும். நிஜ மலைகளில் அப்படித்தான் எழுதுவார்களாம். மூடிய கட்டடத்துக்குள் நிலவரம் என்ன பெரிதாக மாறப்போகிறது? மைனஸ் இரண்டு, பனி நன்றாக இருக்கிறது. அதையே அழித்து அதையே எழுதுவேன். மாறியதெல்லாம் வெளியில்தான். வெயிலின் கொடுக்கு ஒடிந்து, காலையில் பஸ் ஸ்டாப்பில் எதிரே நிற்பவர் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கும். கோடைக்கு ஊர் போயிருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிவந்து, டிசம்பரில் சொந்த மலைகளுக்குப் போகுமுன் இங்கே கால் பழகுவார்கள்.

அவர்களில் ஒருவர் ஸ்விட்சர்லாந்துக்காரர், வயதானவர். வந்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையை ஆழ்ந்து படிப்பார். பின்னால் வரிசை நீளும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், போன வாரமும் இதேதான் எழுதியிருந்தது, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை.

"எங்கள் ஊர் மலையில் இந்த மாதம் வெறும் புல்லும் மாட்டுச் சாணியும்தான், மேடம். நல்ல செய்தியை நான் இன்னொரு தடவை படித்துக்கொள்கிறேனே."

எதிர் பெஞ்சு

கவுண்டருக்கு எதிரே ஒரு பெஞ்சு. உள்ளே போகிறவர்களின் பைகளைக் காத்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கென்றே போட்டதுபோல இருக்கும். வாராவாரம் அதன் ஓரத்தில் லூர்து உட்கார்ந்திருப்பாள். நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடலோர ஊர். இங்கே ஓர் அரபு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டுக்காரம்மாவை "மாமா" என்பாள். வளைகுடாவில் வீட்டு வேலைக்கு வந்த பெண்களெல்லாம் எஜமானியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாமாவும் பிள்ளைகளும் உள்ளே போவார்கள், லூர்து பைகளோடு வெளியே இருப்பாள். பனி தெரிகிற கண்ணாடிச் சுவர் நடையின் வளைவுக்கு அந்தப் பக்கம். பைகளை விட்டு அவள் நகரமாட்டாள்.

அவள் கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். சரியாகக் கூட்டம் நெரிக்கும் நேரத்தில்தான் கேட்பாள். கையில் எடுத்தால் ஒட்டுமா அக்கா? கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற பஞ்சு மாதிரி இருக்குமா? மேலே விழுந்தால் வலிக்குமா? ஆமாம் என்பேன், இல்லை என்பேன், வாயில் வந்ததைச் சொல்வேன். ஒருநாள், பூட்ஸ் ஜோடி மாறிப்போன எரிச்சலில், "உனக்கு எதுக்கு இத்தனை விவரம்? நீ என்ன பனி வியாபாரமா பண்ணப்போறே?" என்று கடித்துவிட்டேன்.

அவள் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். வந்த புதிதில், நானும் உள்ளே போய் விளையாடுறேன் என்று போனில் மகளிடம் சொல்லிவிட்டாளாம். ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண். அது பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பிவிட்டது. பெருநாள் கழிந்ததும் லூர்து விசா கேன்சலில் ஒரேயடியாக ஊர் திரும்புகிறாள்.

"டீச்சரு என்னைய வகுப்புக்கு வந்து சொல்லச் சொல்லியிருக்காங்களாம். புள்ள எதிர்க்க உக்காந்திருக்கும். தெரியாதத எப்புடிக்கா சொல்றது?"

நானும் போனேன்

அவளுக்கு இத்தனை வாரமாகப் பதில் சொன்ன நான் உள்ளே காலே வைத்ததில்லை. கதவு திறந்து மூடும்போது காலில் படும் குளிரோடு சரி. என்னோடு கவுண்டரில் நின்ற ரோஸ், ஃபிலிப்பைன்ஸ்காரி, இதைக் கேட்டதும் என் அளவில் ஒரு கோட்டை எடுத்து என் முகத்தில் எறிந்தாள். பிரேக் நேரத்தில் போனேன்.

திருச்சியில், மின்விசிறி சுடுகாற்றை இறைக்கும் வகுப்பறையில், பனியைப் பற்றிய ஆங்கிலப் பாட்டுகளை சிஸ்டர்கள் எங்களை நெட்டுருப் போடவைத்தார்கள். பனி என்றால் எனக்கு உச்சரிப்புப் பிசகினால் விழும் அடி. அந்த நினைப்போடுதான் இரட்டைக் கதவைத் தாண்டினேன். தாண்டியதும் நினைப்பே நின்றுவிட்டது. மூக்குக்குள் போன காற்றுக்கு ஒரு விளிம்பு இருந்தது. வெள்ளை என்று நான் அதுவரை நம்பியிருந்த வேட்டி, பால், சுண்ணாம்பு எல்லாம் வேறு ஏதோ நிறம் என்று தோன்றியது. சரிவு மேலே மேலே போய் மங்கலில் கரைந்தது. நான் நின்ற இடத்திலேயே பனி கொட்ட ஆரம்பித்தது. இயந்திரம்தான், எனக்குத் தெரியும். அதை ஓட்டுகிறவன் தினமும் என்னிடம் டீ வாங்கிக் குடிக்கிறவன். தெரிந்து என்ன ஆகப்போகிறது? கோட்டுக் கையில் ஒரு துணுக்கு விழுந்தது. அதில் கோலம் இருந்தது. யாரும் குனிந்து போடாத கோலம். அடுத்ததில் வேறு கோலம். நான் மூச்சு விட்டதும் இரண்டும் இல்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ, ரோஸ்தான் வந்து தோளைத் தொட்டாள்.

"உங்க பிரேக் எப்பவோ முடிஞ்சுபோச்சு, மேடம். பரவாயில்லை, முதல் நாள் என்னையும் இன்னொருத்தி வந்துதான் கூட்டிக்கிட்டுப் போனா."

தேங்காய் எண்ணெய்

தீபாவளியன்று எங்கள் தமிழ்ச் சங்கத்துக் குடும்பங்கள் ஷார்ஜா முவைலாவிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கின. எல்லோரும் பட்டு. புடவையை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றால், தீபாவளிப் புடவையை அன்றைக்கே களைவதா என்று என்னையே முறைத்தார்கள். கொசுவத்தைத் தூக்கி, கால் நடுவே வாங்கி, மடிசார் மாதிரி இறுக்கிக் கால்சட்டைக்குள் திணிக்கும் வித்தை ஒன்றை அன்று கண்டுபிடித்தேன். சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் இடுப்பில் தலையணை கட்டியதுபோல் உள்ளே போனார்கள். கூச்சல் போட்டுக்கொண்டு போனவர்கள், கதவு தாண்டியதும் கோயிலுக்குள் நுழைந்ததுபோல் அடங்கிப்போனதை நான் பார்த்தேன்.

அவர்களில் ஒரு நாகர்கோவில் அம்மாள், தலைக்குத் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவி இறுக்கப் பின்னியிருந்தார். தொப்பி வேண்டாம், மல்லிகை நசுங்கும் என்றார். நான் எச்சரித்தேன், யார் கேட்டார்கள்? அரைமணி கழித்து வெளியே வந்தபோது எண்ணெய் உறைந்து உச்சி முதல் பின்னல் நுனி வரை வெள்ளை வெளேரென்றிருந்தது. மல்லிகை கண்ணாடிபோல் விறைத்திருந்தது. அவர் கணவர் பக்கத்தில் நின்று அதிசயமாகப் பார்த்தார்.

"சேர்ந்து நரைக்கணும்னுதான் கல்யாணத்துல வாழ்த்தினாங்க. இவ எனக்காகக் காத்திருக்கலையே."

பெருநாள்

பஞ்சும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது, கையில் எடுத்தால் முதலில் சுடுவதுபோலத்தான் இருக்கும் என்று நான் பார்த்ததையெல்லாம் லூர்துவிடம் சொல்லியிருந்தேன். பாடம் ஒப்பிப்பதுபோல் உதட்டை அசைத்துக் கேட்டுக்கொள்வாள். ஆனால் கோலத்தைப் பற்றிச் சொல்ல வந்தபோது எனக்கே வார்த்தை கிடைக்கவில்லை. சொல்லிக்கொடுத்துத் தீராது என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன். பெருநாளன்று அவள் கடைசியாக வந்தாள். மறுநாள் விமானம்.

மாமாவிடம் சண்டை போட ஆயத்தமாக இருந்தேன். கான்வென்ட் ஆங்கிலத்தில் நாலு வரி ஒத்திகையும் பார்த்தாகிவிட்டது. லூர்துவை ஏன் உள்ளே கூட்டிப்போவதில்லை என்று முதல் வரியைத் தொடங்கியதுமே, அந்த அம்மாள் பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிக்கொண்டே நிமிர்ந்து, "முதல் வாரமே இவளைக் கூப்பிட்டேனே. வேண்டாம் என்றாள். குளிர் ஆகாது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்" என்றார். மிச்ச மூன்று வரியையும் மடித்துவைத்துவிட்டு லூர்துவிடம் திரும்பினேன்.

"ஏண்டி வேண்டாம்னே?"

"கேட்ட உடனே சரின்னா நல்லாயிருக்குமாக்கா? இன்னொருவாட்டி கூப்புடுவாங்கன்னு பாத்தேன்."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. விருந்துக்குப் போனால் முதல் கேள்விக்கு வேண்டாம் என்கிற சாதி நானும். நமக்கு அது பேச்சின் ஆரம்பம். வெளிநாட்டில் படித்துவந்த அந்த அம்மாளுக்கு அதுதான் முடிவு. நடுவில் ஒரு வருஷம் பெஞ்சில் கழிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்னேன். மாமா லூர்துவிடம் திரும்பினார். "வா" என்றார். லூர்து வழக்கம்போலத் தலையை ஆட்ட ஆரம்பித்தாள். "இப்பவும் வேண்டாம்னே, உன்னைத் தொலைச்சுடுவேன்" என்றேன். மாமா பைகளை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அபாயாவைச் சரிசெய்து, பெஞ்சில் உட்கார்ந்தார்.

கவுண்டரை ரோஸிடம் தள்ளிவிட்டுக் கண்ணாடிச் சுவருக்கு ஓடினேன். பிள்ளைகள் அவள் கையைப் பிடித்து இழுத்தன. அவள் நகரவில்லை. அண்ணாந்து, கண்ணை மூடாமல், விழுகிற பனியை வாங்கிக்கொண்டு நின்றாள். கையுறையைக் கழற்றி ஒரு பிடி அள்ளினாள். முகர்ந்தாள், கன்னத்தில் வைத்துக்கொண்டாள், கடைசியில் வாயில் போட்டாள். சறுக்கிவந்த ஆட்கள் அவளைச் சுற்றி வளைந்து போனார்கள். அந்த மலையையும் இயந்திரத்தையும் கட்டியது அவள் ஒருத்தி நிற்பதற்காகத்தானோ என்றிருந்தது எனக்கு. நான் சுலபத்தில் எதற்கும் மலைக்கிறவள் இல்லை.

வெளியே வந்து கோட்டைக் கழற்றி, யாரும் சொல்லாமலே நான் மடிப்பதுபோல் மடித்துக் கொடுத்தாள்.

"புள்ளகிட்ட சொன்னதெல்லாம் சரியாத்தாங்க்கா இருக்கு. தின்னா இனிக்கும்னு ஒண்ணு சொல்லிட்டேன். அத மட்டும் மாத்திச் சொல்லப்போறதில்ல."

கொதிக்கிற ஊரில் மலையளவு குளிரைக் கட்டடத்துக்குள் பிடித்துவைக்கத் தெரிந்த மேதாவிகள் எல்லோரும் கூடியிருந்த அடுத்த வார நிர்வாகக் கூட்டத்தில், பை காத்துக்கொண்டிருக்கும் பெண்களிடம் "நீங்களும் வர்றீங்களா" என்று நாங்கள் இன்னொரு தடவை கேட்க அனுமதி உண்டா என்று எழுந்து நின்று கேட்டேன். எல்லோரும் அவரவர் காபியைப் பார்த்தார்கள்.