பதின்மூன்று நாள் தள்ளி வந்த கிறிஸ்துமஸ்

நான் சமைத்த ஆட்டுக்கறி பிரியாணியை எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் தன் வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தது ஒரு கிறிஸ்துமஸ் மத்தியானம். காலை ஆராதனைக்குப் போய்வந்து, உறவுக்காரர்களுக்குப் பரிமாறி அனுப்பிவிட்டு, பால் வாங்கக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் கையில் இருந்தது என் வீட்டு எவர்சில்வர் டப்பா. என்னைக் கண்டதும் கூச்சத்தோடு எழுந்தார். "மேல்வூட்டம்மா குட்த்தாங்கம்மா. சோக்கா கீது," என்றார். உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அந்த டப்பாவையும் ஒரு தட்டில் கேக்கையும் மாடியில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

மாடியில் குடியிருந்தது எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரு சின்னக் குடும்பம். கணவர் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர். நல்ல ஆங்கிலம் பேசுவார். மனைவிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. கிழக்குத் தாம்பரத்தில் ஏழெட்டு வீடுகளில் இல்லை என்று சொல்லக் கேட்ட பிறகு எங்களிடம் வந்திருந்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள் என்று தெரிந்ததால்தான் என் கணவர் சம்மதித்தார். அந்தப் பெண் தமிழை எங்களிடம் கற்றுக்கொள்ளவில்லை. காய்கறி வண்டிக்கார அம்மாவிடமும் இஸ்திரிக்காரரிடமும் கற்றுக்கொண்டாள். பள்ளியில் தமிழாசிரியையாக இருந்த என்னிடம் வந்து, "அக்கா, தண்ணி வர்ல, மோட்டாரு போடுங்கோ," என்பாள். திருத்தலாமா என்று பல முறை நினைத்ததுண்டு. திருத்தவில்லை. அவளிடம் உட்கார்ந்து பேசும் வழக்கமே எனக்கு இல்லை என்பதுதான் காரணம்.

பிரியாணி விஷயத்தை வீட்டில் சொன்னபோது என் கணவர், "பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே," என்றதோடு விட்டுவிட்டார். எனக்கு அப்படி விடத் தெரியவில்லை. பண்டிகை நாளில் ஒரே விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் என் கை உணவை ஒதுக்கிவிட்டார்கள் என்று மனம் புழுங்கியது. மறுநாள் அவள் டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, "தேங்ஸ் அக்கா," என்றபோது வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். பதினோரு மாத அக்ரிமெண்ட் ஜனவரியோடு முடிய இருந்தது. புதுவருடம் பிறந்த இரண்டாம் நாள் நானே மாடியேறிப் போனேன். என் கொழுந்தனார் மகனுக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், மாடிக்கு அவன் வரப்போவதாகவும், மாதக் கடைசியில் காலி செய்தால் நல்லது என்றும் அவள் கணவரிடம் சொன்னேன். கொழுந்தனார் மகன் அப்போது கோயம்புத்தூரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் பெண் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவர்கள் பாஷையில் ஏதோ மெல்லச் சொன்னதும் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி ஏழாம் தேதி காலை, பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. தாயும் மகளும் நின்றிருந்தார்கள். இருவரும் கரை வைத்த வெள்ளைப் பருத்தி உடை, தலையில் மெல்லிய வெள்ளைத் துணி. "அக்கா, இன்னிக்கு எங்களுக்கு கிறிஸ்மஸ். வாங்கோ, துன்னலாம்," என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாடிக்குப் போனேன். பூக்கடையில் பிள்ளையாருக்கு விற்கிற அருகம்புல்லை வாங்கி வந்து, அவர்கள் ஊர்ப் பண்டிகை வழக்கப்படி கூடத்துத் தரையில் பரப்பியிருந்தாள். பச்சைக் காப்பிக் கொட்டை வறுபடும் புகை வீடு முழுக்க இருந்தது. நடுவில் ஒரே ஒரு பெரிய தட்டு. அதில் கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்து ஊற்றிய, ஆப்பம் போன்ற ஒன்று. அதன் மேல் சிவக்கச் சிவக்க வைத்த கோழிக் குழம்பும் முழு முட்டைகளும். ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த போனில் ஒரு வீடு நிறைய ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். விடியவிடியக் கோயிலில் நின்றுவிட்டு வந்தவர்கள், அவளுடைய அம்மா, அக்கா, தங்கைகள் என்று அவள் கணவர் சொன்னார். குழந்தை அவர்களுக்கு என்னைக் காட்டியது.

அவர்தான் விளக்கினார். அவர்களுடைய காலண்டரில் கிறிஸ்துமஸ் அன்றைக்குத்தான் வருகிறது. அதற்கு முன் நாற்பத்து மூன்று நாள் உபவாசம். கறி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் வெள்ளிக்கிழமை மட்டும் கறி சாப்பிடாமல் இருந்துவிட்டு அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவள் நான். பண்டிகைச் சாப்பாட்டை வாசலில் வைத்து மறுப்பது மரியாதையில்லை என்றுதான் வாங்கிக்கொண்டார்களாம். வீணாக்கவும் மனமில்லாமல், பசியோடு இருப்பவருக்குக் கொடுத்தார்களாம். "நான் அப்பவே சொல்லியிருக்கணும், மேடம்," என்றார். அந்தப் பெண் குழம்பில் தோய்த்த ஒரு கவளத்தைத் தன் கையாலேயே என் வாயருகே கொண்டுவந்தாள். அது அவர்கள் வழக்கம். பதினெட்டு வருட வேலையில் முதல் முறையாக அன்று பள்ளிக்குப் போன் செய்து, வர நேரமாகும் என்று சொன்னேன்.

மாலையில் நானும் என் கணவரும் மறுபடி மாடிக்குப் போனோம். கொழுந்தனார் மகனுக்கு வேறு ஏற்பாடு ஆகிவிட்டது, நீங்கள் இங்கேயே இருக்கலாம் என்றோம். அவள் கணவர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். படப்பையில் ஒரு வீடு பேசி முடித்திருப்பதாகவும், அந்த வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால் மாற்றுவது சரியில்லை என்றும் சொன்னார். மாதக் கடைசியில் ஒரு குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று வாரங்கள் இருந்தன. நான் சொல்லவில்லை. மாடி ஆறு மாதம் காலியாகக் கிடந்தது.

அடுத்த வருடம் ஜனவரி ஏழாம் தேதி அதிகாலையிலேயே நாங்கள் இருவரும் படப்பைக்கு பஸ் ஏறினோம். அழைப்பு ஒன்றும் வரவில்லை, நாங்களாகவே போனோம். அந்த வீட்டில் அன்றும் வேறு விருந்தாளிகள் இல்லை. எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சாப்பிட்டு, காப்பி இரண்டு சுற்று முடிந்து, ஆண்கள் வாசலுக்குப் போன பிறகு சொன்னேன்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்ம்மா. மாடிக்கு யாரும் வரலை."

"தெரியும் அக்கா. வூடு காலியாவே கீதுன்னு அவரு பஸ்ல போசொல்லோ பாத்துகினு வந்தாரு."

"தெரிஞ்சும் ஏம்மா என்னைக் கேக்கலை?"

அவள் மூன்றாவது சுற்றுக் காப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "கேட்டா, நீங்க இன்னிக்கு வந்துருப்பீங்களா?"

காப்பியைக் குடித்தேன்.

ஆராய்ச்சி முடிந்து அவர்கள் ஊர் திரும்பி இப்போது பல வருடங்களாகிவிட்டன. எங்கள் வீட்டிலும் டிசம்பர் இருபத்தைந்தாம் தேதிக் கூட்டம் குறைந்துவிட்டது; நானும் பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ஜனவரி ஏழாம் தேதி நான் போன் செய்கிறேன். எடுப்பது பெரும்பாலும் மகள்தான். வளர்ந்துவிட்டாள், தமிழ் சுத்தமாக மறந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் சிரித்துவிட்டு அம்மாவிடம் கொடுக்கிறாள். பின்னால் வீடு நிறைய ஆட்களின் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே தாய் குரலை உயர்த்தி, தனக்கு மறக்காமல் இருக்கிற தமிழில் முதல் கேள்வியாக, "துன்ட்டீங்களா, அக்கா?" என்று கேட்கிறாள்.